மம்சாபுரத்தில் பதினான்கு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் போய் ஸ்பின்னிங் மாஸ்டர் சமுத்திரம் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷ வேலை. மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த வரிசையில் நூல் அறுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே குடியிருப்பதால் மற்றவர்கள் பேசுவதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஆளுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, மனுஷன் சின்ன வயதிலிருந்து பலமுறை முயன்று பார்த்து, ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷத்தில் மாட்டிக்கொண்டு, இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டவர். அப்பேர்ப்பட்டவர் சர்க்காருக்கு எழுத்து மூலமாக ஒரு தப்பான தேதியைக் கொடுத்துவிட்டு, அது தப்பு என்றே தெரியாமல் பத்துப் பதினோரு மாசம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? நானும்தான் முதலில் நம்பவில்லை.

எல்லாம் ஒரு வீட்டுக்காக. அவர்கள் ஒன்பது வருஷமாகக் குடியிருந்த வீடு சுயம்புலிங்கம் என்பவருடையது. பாத்திரக் கடை வைத்திருந்து வயதாகிப்போய் கடையை மூடிவிட்டவர். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் வீடு. ஆனால் சமுத்திரத்தின் மனைவி மாரிச்செல்விக்கு அந்த வீடு உசிர். கல்யாணமான நாளிலிருந்து ஏழு வீடு மாறியவள் அவள். ஏழாவது வீட்டில்தான் சுவரில் ஆணி அடித்தால் யாரும் கேட்காமல் இருந்தார்கள். இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூனில் சுயம்புலிங்கம் வந்து உட்கார்ந்து, "சமுத்திரம், நான் கோயம்புத்தூர்ல மகங்கூடப் போயி இருக்கப் போறேன். வீட்ட வித்துரணும். மொதல்ல ஒனக்குத்தான். ரெண்டு வருஷம் பொறுக்கேன். அதுக்கு மேல ஏலாது" என்றார்.

இங்கே வாங்குகிற சம்பளத்தில் இரண்டு வருஷம் அல்ல, இருபது வருஷம் பொறுத்தாலும் நடக்காது. அதனால்தான் சமுத்திரம் நாற்பத்தாறு வயதில் ஓமனுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு நூல் மில்லில் ஆள் கேட்டார்கள். இங்கே வாங்குவதைப்போல ஐந்து மடங்கு, இரண்டு வருஷ ஒப்பந்தம். செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் டிக்கெட் வந்துவிடும் என்று ஏஜெண்ட் சொன்னதும் மாரிச்செல்வி நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்த மறுநாளே மகாளயம். அமாவாசை வரைக்கும் பதினைந்து நாள், செத்துப்போனவர்களுக்கான நாள். அந்த நாளில் யாராவது பயணம் கிளம்புவார்களா? அவளுடைய அப்பா அப்படி ஒரு மகாளயத்தில்தான் தேங்காய் லாரியில் ஏறிக் கேரளாவுக்குப் போனார். லாரி மட்டும் திரும்பி வந்தது. ஆகவே இந்த விஷயத்தில் அவளோடு யாரும் வாதாட முடியாது, வாதாடவும் கூடாது.

இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நாளில் பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கி வேறொருத்தர் வீட்டில் போய் இருந்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வண்டி ஏறினாலும் குற்றமில்லை. சோசியர்கள் இதைப் பரஸ்தானம் என்பார்கள். மாரிச்செல்வி "வெளிய எறங்குறது" என்பாள். இறங்கினவர் திரும்ப அந்த வாசற்படி ஏறக் கூடாது, வீட்டாள் முகத்திலும் முழிக்கக் கூடாது. அந்த இரண்டாவது நிபந்தனை எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் அம்மா சொன்னது, அவ்வளவுதான்.

ஆவணி கடைசி நாள், திங்கட்கிழமை, செப்டம்பர் பதினாறு. ராகு காலம் பிறக்குமுன் காலை ஏழு மணிக்கெல்லாம் சமுத்திரம் சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை மிதித்து, இரண்டு பெட்டியோடு தெருவில் இறங்கினார். தெருவே வந்து வழியனுப்பியது. மகள் சத்யப்பிரியா பள்ளிக்கூட உடுப்பில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். "போயிட்டு வாரேன்" என்று எல்லோரிடமும் கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ நேராக மம்சாபுரம் போயிற்று. அங்கே மச்சினன் விஜயபாண்டி டீக்கடை வைத்திருந்தான். மச்சினன் வீட்டு மச்சில் பெட்டியை வைத்துவிட்டு, சமுத்திரம் கீழே வந்து ஒரு டீ குடித்தார். அவர் வெளிநாடு போன கதை இதுதான்.

விசா இழுத்துக்கொண்டே போனது. டீக்கடைக்கு வருகிறவர்கள், "ஓமன் போகலையா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "போயாச்சு. விசாதான் வரணும்" என்பார் இவர். மடவார் வளாகத்தில் பக்கத்து வீட்டுக்காரிகள் மாரிச்செல்வியைக் கேட்டால் அவளும், "அவிய போயி அஞ்சு நாளாச்சுக்கா" என்பாள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். இருவருக்கும் அவர் போய்விட்டார். சாயந்திரம் போனில் பேசும்போது அவள், "அங்க மழையா?" என்று கேட்பாள். "மூட்டமா இருக்கு" என்பார். அதே மேகம்தான் அவள் தலைக்கு மேலும் நின்றுகொண்டிருக்கும். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். ஒரு நாள் வயிற்றுக்கு ஆகாமல் படுத்தபோதுகூட அவள் வரவில்லை. தம்பியிடம் ரசம் வைக்கச் சொல்லிப் போனில் பக்குவம் சொன்னாள். எனக்கு இதைக் கேட்டபோது அவள் மேல் கோபமே வந்தது.

இருபத்தைந்தாம் தேதி டிக்கெட் வந்தது. இருபத்தேழு வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். போனில் அவளிடம் சொன்னார்.

"நாளக்கழிச்சா?" என்றாள். "சனிக்கிழம திருவண்ணாமல போகணுமே. ஒங்களுக்கு இந்த வேல அமைஞ்சா புரட்டாசி ரெண்டாஞ் சனிக்கிழம ரெண்டு பேருமா வந்து கும்பிடுறதா பெருமாளுக்கு நேந்துருக்கேன்."

"இம்புட்டு நாளும் சொல்லலையேட்டி."

"சாமி காரியத்தத் தமுக்கடிச்சா சொல்லுவாக?"

வடக்கே இருக்கிற பெரிய திருவண்ணாமலை இல்லை இது. எங்கள் ஊரை ஒட்டி ஒரு குன்றும், அதன் மேல் சீனிவாசப் பெருமாளும். புரட்டாசிச் சனிக்கிழமை எள் போட்டால் கீழே விழாது. சமுத்திரம் ஏஜெண்டின் கையைக் காலைப் பிடித்து, கைக்காசு கொடுத்து டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார். சனிக்கிழமை விடிய மலையடிவாரத்தில் புருஷனும் பெஞ்சாதியும் பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள். கோயிலில் வைத்துப் பார்த்தால் குற்றமில்லை என்று புதிதாக ஒரு சட்டம் சொன்னாள் அவள். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை மரத்தடியில் உட்கார்ந்து தின்றார்கள். மத்தியானம் வரைக்கும் அவள் எழுந்திருக்கவே இல்லை. செப்டம்பர் முப்பது, திங்கட்கிழமை காலை, சமுத்திரம் விமானம் ஏறினார்.

அங்கே அவர் பட்டதை எழுத இது இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தை மாசம் அவருடைய அய்யா, பெற்ற தகப்பன், செத்துப்போனார். பாஸ்போர்ட் மில் ஆபீசில் இருந்தது. விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பங்காளி மகன் சங்கிலிப்பாண்டி கொள்ளி வைத்தான். சமுத்திரம் தங்கியிருந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து ஷிப்டுக்குப் போனார்.

ஜூலை மாசம் ராஜபாளையத்திலிருந்து ஜாஸ்மின் போன் செய்தாள். மில்லுக்காரர்கள் பலருக்கும் வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிற பெண். கெட்டிக்காரி. சமுத்திரத்தின் கணக்கை வருஷா வருஷம் அவள்தான் பார்ப்பாள்.

"அண்ணாச்சி, போன வருஷக் கணக்கு அனுப்பணும். ஏப்ரல் ஒண்ணுலருந்து மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் நீங்க இந்தியாவுல எத்தன நாள் இருந்தீகன்னு போடணும். நூத்தி எண்பத்திரண்டு நாளுக்குக் கொறவா இருந்தா நீங்க வெளிநாட்டுவாசி. ஓமன் சம்பளத்துக்கு இங்க வரி கெடயாது. நீங்க என்னைக்குக் கெளம்புனீக?"

"ஆவணி கடைசித் திங்கக்கிழம தாயி. செப்டம்பர் பதினாறு."

அவர் யோசிக்கவே இல்லை. எதற்கு யோசிக்க வேண்டும்? கிளம்பின நாள் மனுஷனுக்கு மறக்குமா?

"நூத்தி அறுபத்தொம்பது நாள்தான் வருது. தாராளமாத் தப்பிச்சீக. பாஸ்போர்ட் காப்பி?"

"அது மில்லுல வாங்கி வச்சுருக்கான் தாயி. வந்து காட்டுதேன்."

"சரி, வரும்போது கொண்டு வாங்க" என்று அவளும் கணக்கை அனுப்பிவிட்டாள். அவளுக்கும் ஐம்பது அறுபது பேர் கணக்கு அந்த வாரம்.

ஆகஸ்ட் மாசம் ஓமன் மில்லை யாரோ வாங்கினார்கள். வாங்கினவன் தன் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்ட சமுத்திரம் பதினோரு மாசம்கூட முடியாமல் இருபதாம் தேதி ஊர் வந்து சேர்ந்தார். பழைய மில்லில் பழைய வேலை கிடைத்தது. கொண்டுவந்த பணம், வங்கிக் கடன், மாரிச்செல்வியின் நகை, விஜயபாண்டி கைமாற்று, எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தபோது வீட்டு விலைக்குச் சரியாக இருந்தது. சரியாக என்றால் சரியாக. பத்திரச் செலவு போக டீ குடிக்கக் காசு இல்லை. இரண்டாயிரத்து இருபத்தாறு ஜூன் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பத்திரம் பதிவது என்று முடிவாயிற்று. ராஜபாளையத்துப் பார்ட்டி ஒருத்தன் கூடுதல் விலைக்கு நிற்கிறான், அன்றைக்கு முழுப் பணமும் வராவிட்டால் அவனுக்குத்தான் என்று சுயம்புலிங்கம் சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாத மனுஷன். ஆனால் அவருக்கும் மகன் அங்கே நெருக்குகிறான்.

அந்த வாரம் புதன்கிழமைதான் சமுத்திரம் ஜாஸ்மினின் ஆபீசுக்குப் போனார். மில்லில் ஒருவன் சும்மா இருக்காமல், "வருஷம் முடியாம திரும்பி வந்தா அங்க சம்பாதிச்சது அம்புட்டுக்கும் வரி அண்ணாச்சி" என்று கிளப்பிவிட்டிருந்தான். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாஸ்மின் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "அவன் சொன்னது பாதி சரி. நீங்க ஆகஸ்டுல வந்துட்டதால இந்த வருஷத்துக்கு நீங்க உள்நாட்டுவாசிதான். ஓமன்ல ஏப்ரல்லருந்து வாங்குனதையும் இங்க காட்டணும். ஆனா வரம்ப இப்பக் கூட்டிட்டாங்க. ரெண்டு சம்பளத்தையும் சேத்தாலும் அதுக்குள்ளதான் வருது. ஒத்த ரூவா வரி இல்ல."

சமுத்திரம் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு மூச்சு விட்டார். பெரிய கண்டம் போனது. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, "நீ அன்னைக்குக் கேட்டது தாயி" என்றார். அவர்தான் எடுத்து வைத்தார். யாரும் கேட்கவில்லை.

ஜாஸ்மின் அவர் திரும்பி வந்த தேதி முத்திரையைப் பார்த்தாள். போன தேதி முத்திரையைத் தேடி எடுத்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல முப்பதாந் தேதின்னு இருக்கு."

"ஆமா. அன்னைக்குத்தான் பிளைட்டு."

"பதினாறுன்னு சொன்னீக."

"பதினாறுலதான் தாயி கெளம்புனேன். தெருவே பாத்துச்சு."

"அப்ப பதினாறுலருந்து முப்பது வரைக்கும் எங்க இருந்தீக?"

"மம்சாபுரத்துல."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மம்சாபுரம் என்ன ஓமன்லயா இருக்கு அண்ணாச்சி?"

சமுத்திரத்துக்கு அப்போதுகூட விளங்கவில்லை. காது பிரச்சினையில்லை, புத்தி ஏற்க மறுத்தது. மகாளயத்தைச் சொன்னார். வாசற்படி ஏறக் கூடாது என்பதைச் சொன்னார். பதினான்கு நாள் தன் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். ஜாஸ்மின் கிறிஸ்தவப் பெண், அவளுக்கு இதெல்லாம் புதிது. ஆனாலும் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு தாளில் மாசம் மாசமாக நாட்களை எழுதிக் கூட்டினாள். நூற்று எண்பத்து மூன்று வந்தது.

"நூத்தி எண்பத்தொண்ணு வரைக்கும் இருக்கலாம். ரெண்டு நாள் கூடிப்போச்சு."

"ரெண்டு நாளு தான?"

"ரெண்டு நாளோ இருநூறு நாளோ, சட்டத்துக்கு ஒண்ணுதான். அந்த வருஷம் நீங்க உள்நாட்டுவாசி. ஓமன்ல ஆறு மாசம் வாங்குன சம்பளத்துக்கு வரி கட்டியிருக்கணும். நாம காட்டவே இல்ல. காட்டாததுமில்லாம தப்பான தேதி வேற குடுத்துருக்கோம்." அவள் தாளைத் தள்ளி வைத்தாள். "தப்பு என் மேலயும் இருக்கு. பாஸ்போர்ட்டப் பாக்காம அனுப்பியிருக்கக் கூடாது."

"அப்ப, ரெண்டு வருஷத்துக்கும் நான் இங்கதான் இருந்தேங்கியா?"

"கணக்குப்படி நீங்க ஒரு வருஷங்கூட வெளிநாட்டுவாசி இல்ல அண்ணாச்சி."

சமுத்திரம் எழுந்து நின்றுவிட்டார். மில்லில் கூட அவர் யாரையும் சத்தம் போட்டதில்லை. "நான் இங்கதான் இருந்தேன்னா எங்க அய்யாவுக்கு ஏன் தாயி வேறொருத்தன் கொள்ளி வச்சான்?" என்று கேட்டார். பக்கத்து மேஜையில் தட்டிக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். ஜாஸ்மின் தலை குனிந்துகொண்டாள். அவளிடம் கேட்டு என்ன பிரயோசனம் என்று அவருக்கே தெரிந்தது, உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்தபிறகு அவள் மிச்சத்தைச் சொன்னாள். நாமாக முன்வந்து திருத்தின கணக்கை அனுப்பினால் வரி, வட்டி, அதற்கு மேல் கால்வாசி என்று சேர்த்து ஒரு லட்சத்து எழுபதாயிரம் வரும். சும்மா இருந்தால் இப்போதைக்கு யாரும் கேட்கமாட்டார்கள். என்றைக்காவது கேட்டுவிட்டால் பிறகு நாமாகத் திருத்த வழியில்லை, அபராதம் மட்டுமே வரியைப்போல இரண்டு மடங்கு. "நீங்க போன தேதி சர்க்கார் கம்ப்யூட்டர்லயும் இருக்கும் அண்ணாச்சி, அது எங்கயும் போகாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு லட்சத்து எழுபதாயிரம். வீட்டுப் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் வெள்ளிக்கிழமை பத்திரம் கிடையாது, இனிக் கைமாற்றுக் கேட்க ஆளும் மிச்சமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த சமுத்திரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது தெரியவில்லை. கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பி இறக்கிவிட்டான். தூங்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். சும்மா இருந்துவிடலாமா என்ற எண்ணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் கூடவே வந்தது. இருந்துவிட்டால் என்ன? வீட்டை வாங்கிவிடலாம். கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் மாரிச்செல்வி சுவருக்கு அடிக்க சுண்ணாம்பா பெயிண்டா என்று மகளோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சத்யப்பிரியாவைக் கடைக்கு அனுப்பினாள். இவர் நடந்ததைச் சொன்னார். வரியைக் கட்டினால் வெள்ளிக்கிழமை பத்திரம் இல்லை என்றும் சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நாள் கூடிப்போச்சாம்?"

"ரெண்டு நாளு. அந்த விசா லேட்டாச்சுல்ல, அதுல வந்த வென." 

பொய் வராது என்று முதலிலேயே சொன்னேனே. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "விசா இருபத்தஞ்சுலயே வந்துருச்சே. வெள்ளிக்கிழமைக்கில்லா டிக்கெட்டுப் போட்டான்?"

அவள் விரலை மடக்கினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். மடக்கின விரல்களை மறுபடி விரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழம போயிருந்தா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குட்டி. சாமி காரியம். நேந்துக்கிட்டா செய்யாம இருக்க முடியுமா?"

"நேரல" என்றாள் மாரிச்செல்வி.

"என்ன சொல்லுத?"

இரண்டாவது தடவை சொல்வதற்கு அவளுக்கு வெகு நேரம் ஆனது. "நான் எந்தச் சாமிக்கும் எதுவும் நேரல. வீட்டப் படியேறாதீக, மூஞ்சில முழிக்காதீகன்னு நாந்தான் சட்டம் போட்டேன். போட்டுட்டு என்னால முடியல. பத்து நாளா ஒங்க சட்டைய தலமாட்டுல வச்சுப் படுத்தேன். அரமணி நேரத்துல இருக்கீக. வாங்கன்னு சொல்ல வாயி வரல, எங்க அப்பா மாதிரி ஆயிருமோன்னு பயம். இருபத்தேழுன்னு சொன்னதும் எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. கோயில்ல வச்சுப் பாத்தாக் குத்தமில்லேன்னு நானா ஒண்ணச் சொல்லி ஒரு நாள் பாத்துக்கிட்டேன். அம்புட்டுத்தான்."

சமுத்திரத்துக்கு ஜாஸ்மின் ஆபீசில் விழுந்தது ஓர் அடி. இது வேறு அடி. அவளைப் பார்த்தால் யாரோ வேற்றுப் பொம்பிளை மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷம் கூட இருந்தவள், ரசம் வைக்கப் போனில் பக்குவம் சொன்னவள், கல் மனசுக்காரி என்று அந்த மச்சில் படுத்துக்கொண்டு இவர் நினைத்திருக்கிறார். திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கிட்டே போய் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யாமல் நின்றார்.

"சும்மா இருந்துரலாம்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "வெள்ளிக்கிழம பத்திரத்த முடிச்சுருவோம். பொறவு வாரது வரட்டும்."

"வேண்டாம். கட்டிருங்க."

"வீடு போயிரும் செல்வி."

"தெரியிது. வீட்ட வாங்கி வச்சுக்கிட்டு, வாசல்ல எவன் வண்டிய நிறுத்துனாலும் நோட்டீசு வந்துருச்சோன்னு எட்டிப் பாத்துக்கிட்டே கெடக்க என்னால ஏலாது. அந்த ஜாஸ்மின் பொண்ணையும் இதுல மாட்டி விட வேண்டாம்." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். வெகு நேரம் அங்கே குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

வியாழக்கிழமை சமுத்திரம் சுயம்புலிங்கத்தைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். கிழவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "பதினோரு மாசம் அங்க கெடந்துருக்க. அதுக்கு இங்க இருந்ததாக் கணக்கா? என்னப்பா அநியாயமா இருக்கு" என்றார். ஆனாலும் பணத்துக்கு அவர் எங்கே போவார். பத்திரத்துக்கென்று வாங்கியிருந்த முன்பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆடி பொறக்கதுக்குள்ள காலி பண்ணிருங்க. வாங்குற பார்ட்டி உடனே குடி வாரானாம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பத்திர ஆபீசில் இருக்க வேண்டிய புருஷனும் பெஞ்சாதியும் ராஜபாளையத்தில் ஜாஸ்மினின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாரிச்செல்வி அன்றைக்கு உடுத்துவதற்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சேலையையே உடுத்தியிருந்தாள். வேறு எதை உடுத்துவது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஜாஸ்மின் தன் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திருத்தின கணக்கைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள்.

"அண்ணாச்சி, இந்தியாவ விட்டுப் போன தேதி. இதையும் உங்க வாயாலயே சொல்லிருங்க. போன தடவ மாதிரி ஆகிரக் கூடாது."

சமுத்திரம் மாரிச்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"செப்டம்பர் முப்பது" என்றாள் மாரிச்செல்வி. பிறகு, ஜாஸ்மின் கேட்காததையும் சேர்த்து, தெளிவாகச் சொன்னாள்: "இருபத்தேழுலயே போயிருக்க வேண்டியவிய. நாந்தான் இருக்கச் சொன்னேன்."

ஜாஸ்மின் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, முப்பது என்று அடித்தாள்.